புளியமரத்துக்கு அந்தப் பக்கம் ஆர்கான் லாரி

போன மாதம் எங்கள் பழைய பிரிவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள், முகம் தெரியாது. "மேடம், புதுக் கூடம் ரெடியாயிடுச்சு. இனிமே பெட்டிக்குள்ள யாரும் கையே விட வேண்டாம், எல்லாத்தையும் எந்திரக் கை செஞ்சிடும். பழைய ஆளுங்க அனுபவத்தைத் தொகுத்து ஒரு மலர் போடறோம், நீங்களும் எழுதணும்" என்றாள். "கையே விடாம இருந்தா அந்த உப்பு உன் பேச்சைக் கேக்குமாம்மா?" என்றேன். சிரித்தாள். அவள் சிரிப்பதற்காக நான் கேட்கவில்லை. வாலிபம் முழுவதையும் ரப்பர் கையுறைக்குள் கை விட்டுக்கொண்டே நின்று கழித்தவள் நான்.

சரி, எழுதுகிறேன். ஆனால் 'என் பணிக்காலத்தில் நிலையம் கண்ட வளர்ச்சி' என்றெல்லாம் எனக்கு எழுத வராது. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது ஒரு மேலதிகாரி, ஒரு கம்பியில் கிளைத்து வளர்ந்த உலோகம், ஒரு லாரி, என் அண்ணன். அதைத்தான் எழுதுவேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

இப்போது நான் குடியிருக்கும் கள்ளக்குறிச்சித் தெருவில், நான் ஏதோ 'அணுகுண்டு ஆபீசில்' டைப் அடித்துக்கொண்டிருந்ததாக நினைக்கிறார்கள். திருத்தப் போனால் பேச்சு நீளும் என்று விட்டுவிட்டேன். இங்கே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். யுரேனியம் கதிர்வீச்சு உள்ள உலோகம். அணு உலையில் எரிந்து வெளியே வரும்போது அதோடு வேறு பல உலோகங்கள் கலந்துபோயிருக்கும். அவற்றை ஒதுக்கிவிட்டுச் சுத்த யுரேனியத்தை எடுக்க ஒரு வழி உண்டு. லித்தியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு என்ற இரண்டு உப்புகளைக் கலந்து ஐந்நூறு டிகிரி சூட்டில் உருக்க வேண்டும். அழுக்கு உலோகத்தை ஒரு கூடையில் போட்டு உப்புக்குள் ஒரு பக்கம் தொங்கவிட்டு, மறுபக்கம் ஓர் எஃகுக் கம்பியை இறக்கி மின்சாரம் கொடுத்தால், கூடையிலிருக்கும் யுரேனியம் கரைந்து, உப்பு வழியாக நகர்ந்து, கம்பியில் போய் ஒட்டிக்கொள்ளும். மற்றதெல்லாம் கூடையிலும் உப்பிலும் தங்கிவிடும். எங்கள் காலத்தில் இது சோதனைக் கட்டம்தான். உலையில் எரியாத யுரேனியத்தில் நாங்களே வேறு உலோகங்களைக் கலந்து, நாங்களே திரும்பப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்த வேலைக்கு இரண்டு விரோதிகள், காற்றும் ஈரமும். அந்த உப்பு ஈரத்தைக் கண்டால் விடாது, குடித்துவிடும். குடித்த உப்பில் நல்ல உலோகம் வளராது. கம்பியில் வளர்ந்த யுரேனியமோ மெல்லிய தகடுகளாக, வேலிமுள்போலக் கிளைகிளையாக இருக்கும். அதன்மேல் சாதாரணக் காற்று பட்டால் தானாகவே தீப்பிடிக்கும். அதனால்தான் எல்லாவற்றையும் கண்ணாடி வைத்த ஒரு பெரிய பெட்டிக்குள் வைத்து, பெட்டி முழுவதும் ஆர்கான் என்ற வாயுவை நிரப்பி வைப்போம். ஆர்கான் எதோடும் சேராது, எதையும் எரிய விடாது. பெட்டியின் பக்கவாட்டில் நீளக் கையுறைகள் பொருத்தியிருக்கும். வெளியே நின்று அவற்றுக்குள் கையை விட்டு உள்ளே வேலை பார்ப்போம்.

நான் பி.எஸ்சி. வேதியியல் முடித்து, பயிற்சி முடித்து, அந்தக் கடற்கரையோர ஆராய்ச்சி நிலையத்தில் சயின்டிஃபிக் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்தேன். பயிற்சியில் கற்றதைவிட முதல் நாள் எங்கள் மேலதிகாரி நம்பியார் சாரிடம் பாட்டு வாங்கிக் கற்றதுதான் அதிகம். பாட்டு என்றால் அவர் கத்துவார் என்று நினைக்காதீர்கள். கத்தவே மாட்டார். மலையாளி. மெல்லிய குரல், வெள்ளைச் சட்டை, பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் நம் கையையே பார்ப்பார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பெட்டிக்குள் கை எதைச் செய்வதற்கு முன்னாலும் வாய் அதை உரக்கச் சொல்ல வேண்டும். "கை எந்து செய்யப் போகுது, வாய் முதல்ல சொல்லட்டும்" என்பார். எந்து என்றால் மலையாளத்தில் 'என்ன'.

முதல் நாள் கையை விட்டுக்கொண்டு, "உப்பை அள்ளப் போறேன் சார்" என்றேன்.

"எதால?"

"கரண்டியால."

"கரண்டி எங்கே?"

கரண்டி பெட்டிக்கு வெளியே, எனக்குப் பின்னால் மேசைமேல் இருந்தது. சார் கரண்டியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், போய்விட்டார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அதற்குப் பிறகு வீட்டில் குழம்பு தாளிக்கும்போதுகூட 'கடுகு போடப் போறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் போட்டேன். என் அம்மா பயந்தே போய்விட்டாள்.

அவர் 'அவசரம்' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. "அவசரம் ஒண்ணும் இல்லா" என்பதுதான் அவர் பேச்சு. கூட வேலை செய்து பழகிய பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது, அதை அவர் எத்தனை தடவை சொல்கிறாரோ அத்தனைக்கு விஷயம் கைமீறிக்கொண்டிருக்கிறது என்று.

பல மாதங்களாக எங்கள் கம்பியில் கரித்தூள் மாதிரி ஒரு கறுப்புத் தூள்தான் வந்துகொண்டிருந்தது. உப்பை வெற்றிடத்தில் காய வைத்தோம், மறுபடி காய வைத்தோம், குழாய் மூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றினோம். ஒருநாள் சார் உப்பு உலையின் மூடியைத் திறக்கச் சொன்னார். உருகிய உப்பு அத்தனை தெளிவு, அடியில் இருந்த கூடையின் கம்பிப் பின்னல்வரை தெரிந்தது. அன்றைக்கு மின்சாரம் ஓடி முடிந்ததும், "கம்பியைத் தூக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு நான்தான் தூக்கினேன். வெள்ளியாய் மின்னிக்கொண்டு, நான்கு பக்கமும் கிளைவிட்டு, ஒரு சின்னச் செடியே மேலே வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். சார் பார்த்துக்கொண்டே நின்றார். "கொள்ளாம்" என்றார். நன்றாயிருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கர்வமாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

அந்த உலோகத்தை அடுத்து வெற்றிட உலையில் வைத்து உருக்கிக் கட்டியாக்க வேண்டும். கட்டியாகிவிட்டால் பயமில்லை. வெற்றிட உலையோ அந்த வாரம் பார்த்துப் பழுதாகிக் கிடந்தது. சரி, பெட்டிக்குள்தானே இருக்கிறது, பத்திரம்தானே என்று இருந்தபோது வீட்டிலிருந்து தந்தி வந்தது. எலவனாசூர்கோட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்களாம். சார் லீவு கொடுத்தார். போனேன்.

என் ஊர் சின்னசேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே, சேலம் ரோட்டை ஒட்டி இருக்கிறது. நான் போய் இறங்கிய மறுநாள் காலையில் ஒரு பஸ் கிடையாது. வட மாவட்டங்கள் முழுவதும் எங்கள் சமூகத்துக்கு இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "வளையல் கூட போடாம மூளிக் கையோட வந்து நிக்கறப்பவே நெனச்சேன்" என்று என்மேல் பாய்ந்தாள். பெட்டி வேலைக்கு வளையல் ஆகாது, கையுறை கிழியும் என்று அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. எனக்கோ உள்ளுக்குள் நிம்மதி. அந்த மாப்பிள்ளையை நான் பார்த்ததும் இல்லை, பார்க்க ஆசையும் இல்லை.

எங்கள் ஊர் மரத்தைச் சாய்த்தவர் வேறு யாருமில்லை, என் அண்ணன் கோவிந்தன். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். அப்பா போன பிறகு காட்டையும் எங்களையும் அவர்தான் பார்த்தார். நான் கல்லூரிக்குப் போக வேண்டுமென்று சொந்தக்காரர்களோடு மல்லுக்கு நின்றவர். என்னோடு பள்ளியில் படித்த பெண்கள் அத்தனை பேரும் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கவும் கரும்பு வெட்டவும் போனபோது நான் மட்டும் பஸ் ஏறினேன் என்றால் அவரால்தான். "ஒருத்தி போனா பத்தாது" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மறியலில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். பால் வண்டி, பிரசவம், பிணம், தீயணைக்கப் போகும் தீவண்டி, இந்த நான்குக்கு மட்டும்தான் வழி. வேறு எவருக்கும் கிடையாது.

மறியல் தொடங்கி இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, காலையில் ஊர் தபால் ஆபீசிலிருந்து ஆள் ஓடி வந்தது, எனக்கு டிரங்க் கால் என்று. ஓடினேன். நம்பியார் சார்.

"தனம், கேக்குதா? அவசரம் ஒண்ணும் இல்லா."

"சொல்லுங்க சார்."

"ஒரு கையுறை வெடிச்சுப் போச்சு. ஓட்டையை மூடியாச்சு, ஆனா கசிவு நிக்கலை. அவசரம் ஒண்ணும் இல்லா. ஆர்கானை விட்டுக்கிட்டே இருந்தாத்தான் பெட்டி தாங்கும். இங்கே இருக்கற சிலிண்டர் நாளைக்கு மதியம் வரைக்கும் வரும். சேலத்துலேருந்து புறப்பட்ட லாரி உங்க ஊர்ப் பக்கம் எங்கேயோ நிக்குதாம். அவசரம் ஒண்ணும் இல்லா."

மூன்று தடவை.

"சார், கம்பியில இருக்கறதை மூடி போட்ட பாத்திரத்துல வெச்சிடலாமே?"

"எந்தப் பாத்திரத்துலயும் அடங்கலை. அடங்கற மாதிரி உடைச்சா தூளாகும். தூள் இன்னும் மோசம். மழைக் காத்து வேற." பிறகு, "தனத்தோட கை இப்ப எந்து செய்யப் போகுது?" என்றார்.

"லாரியைத் தேடிக் கண்டுபிடிக்கப் போறேன் சார். எங்க அண்ணன்கிட்டப் பேசப் போறேன். லாரியோட நானும் ஏறி வரப் போறேன்."

"சரி" என்று வைத்துவிட்டார். இதற்கு முன் நடந்த போராட்டங்களின்போது எங்கள் பிரிவில் 'உங்க ஆளுங்க இப்படிப் பண்றாங்களே' என்று என் காதுபடப் பேசியவர்கள் உண்டு. சார் ஒரு வார்த்தைகூட அப்படிச் சொல்லவில்லை. அதற்காகவே அந்த லாரியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது.

தேடவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் அண்ணன் சாய்த்த புளியமரத்துக்கு அந்தப் பக்கம் வரிசையாக லாரிகள் நின்றன. நான்காவது லாரி நிறைய சிலிண்டர்கள். டிரைவர் பாஷா பாய் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து மறியல்காரர்கள் ஊற்றிய கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார். மரத்தின்மேல் அண்ணன் உட்கார்ந்திருந்தார், சுற்றிலும் ஊர்.

"இன்னா பாப்பா, இங்க வந்துக்கினு? வூட்டுக்குப் போ."

"அண்ணா, அந்த சிலிண்டர் லாரி எங்க ஆபீசுக்குப் போவணும். வழி வுடுண்ணா."

"அதுல இன்னா இருக்குது?"

"ஆர்கான். காத்து மாதிரி."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெரியசாமி சித்தப்பா, எங்கள் பங்காளி, வாயில் பீடியோடு எழுந்து வந்தார். "அடிப் பொண்ணே, பஸ்ஸு நிக்கிது, கரும்பு காயுது, நீ காத்துக்கு வழி கேக்கறியா? உங்க ஆபீசுல காத்து இல்லியா?"

"அந்தக் காத்து ஆவாது சித்தப்பா!"

"இன்னா, கடல்காத்து ஒப்புக்கலியா?"

மறுபடி சிரிப்பு. அண்ணன் சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போய்ச் சொன்னார்.

"பாப்பா, நேத்து நம்ம மாமன் வந்தாரு, கரும்பு டிராக்டருக்கு வழி கேட்டாரு. இல்லன்னுட்டேன். மூஞ்சத் திருப்பிக்கினு போயிட்டாரு. இன்னிக்கு தங்கச்சின்னு வுட்டா நாளைக்கு எவன் என்னிய மதிப்பான்? இந்த மரம் யாருக்கோசரம் கெடக்குது? உன்ன மாதிரி இன்னும் நாலு புள்ளைங்க போவணும்னுதான கெடக்குது?"

அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பிசகில்லை. நானும் அதைத்தான் விரும்பினேன். அதற்காக அந்தப் பெட்டி எரிவதா? "அண்ணா, நான் வளர்த்த உலோகம் அது. சாதா காத்து பட்டா எரியும். பெட்டி பூரா புகையும். கதிர்வீச்சு உள்ள புகை. கூட வேல செய்யறவங்க அங்க நிக்கறாங்க" என்றேன். அவர் முகம் மாறியது. ஆனால் தலையை ஆட்டினார். "நான் ஒருத்தன் சொல்ல முடியாது. ஊரு ஒப்புக்கணும்" என்றார்.

ஊரை ஒப்புக்கொள்ளவைக்க எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. கஞ்சி தீர்ந்து காலியாக இருந்த அலுமினிய அண்டாவைக் கழுவித் துடைத்து லாரிப் பக்கம் கொண்டுபோனேன். பாஷா பாயிடம் ஒரு ரப்பர் குழாய் இருந்தது. சிலிண்டரின் தொப்பியைக் கழற்றி, குழாயை மாட்டி மறுமுனையை அண்டாவுக்குள் விட்டு, ஸ்பானரை வால்வில் மாட்டினேன். வாய் தானாகப் பேசியது.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இப்ப என் கை வால்வை ஒரு மயிரிழை தொறக்கப் போவுது. சத்தம் வரும். யாரும் ஓடாதீங்க."

திறந்தேன். புஸ்ஸென்று சத்தம் வந்தது. எல்லாரும் ஓடினார்கள். மறியலுக்கு நெஞ்சை நிமிர்த்தி நின்ற வீரர்கள் அத்தனை பேரும் மரவள்ளிக் காட்டுக்குள் போய் நின்றுகொண்டு தலையை நீட்டிப் பார்த்தார்கள். பாஷா பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் மட்டும் நகரவில்லை. ஆர்கான் காற்றைவிடக் கனம், அடியில் தங்கும். அண்டாவில் நிறைய விட்டு வால்வை மூடினேன். "வெறும் அண்டா மாதிரிதான இருக்குது? இப்ப எரியற ஓலையை உள்ள எறக்கப் போறேன்" என்றேன்.

ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். தென்னை ஓலையைப் பற்றவைத்து அண்டாவுக்குள் இறக்கினேன். விளிம்பைத் தாண்டியதும் நெருப்பு சட்டென்று செத்தது. வெளியே எடுத்து மறுபடி பற்றவைத்து இறக்கினேன். மறுபடி செத்தது. பெரியசாமி சித்தப்பா தன் பீடியை நீட்டிப் பார்த்தார், அதுவும் அணைந்தது. "அடேங்கப்பா, இத்த மோந்து பாக்கணும்டா" என்று சொல்லிக்கொண்டே தலையை அண்டாவுக்குள் கவிழ்த்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. எட்டி அவர் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். மனுஷர் மல்லாக்க விழுந்தார். சித்தப்பா முறையுள்ளவரை மயிரைப் பிடித்து இழுத்த பெண் என்று ஊரில் இன்றுவரை எனக்குப் பேர். "மூச்சையும் அணைச்சிடும் சித்தப்பா அது! நெருப்புக்கு மட்டுமில்ல!" என்று கத்தினேன். அவர் தலையைத் தடவிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன். அண்டாவையே முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏண்டி, உங்க ஆபீசுல நெருப்பு புடிக்காம இருக்கத்தான் இத்தக் கொண்டாரச் சொல்றாங்கோ?" என்று கேட்டார்.

"ஆமா சித்தப்பா."

"அப்ப இது தீவண்டிடா கோவிந்தா! தீவண்டிக்கு வழி உண்டுன்னு நீதான சொன்ன? தண்ணிக்குப் பதிலா காத்து ஏத்திக்கினு போவுது, அவ்ளோதான்!"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சரிதானே, தீவண்டிதானே என்று ஒருவர் ஆரம்பிக்க, மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் எல்லா முகத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கயிறு எடுத்தாங்கடா" என்றார். மரத்தை ஒரு லாரி போகும் அளவுக்கு இழுத்தார்கள். லாரி வந்ததும் திரும்பவும் இழுத்துப் போட்டுவிட்டார்கள். கட்டுப்பாடு என்றால் கட்டுப்பாடு.

"அடுத்த ஊருக்காரனுக்கு இது தீவண்டின்னு எப்பிடித் தெரியும்? நான் கூட வரேன்" என்று அண்ணன் முன்னால் ஏறி உட்கார்ந்தார். அண்டாவையும் ஏற்றிக்கொண்டார்.

கள்ளக்குறிச்சிக்குள் நுழைய முடியாது என்று தெரிந்ததால், கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையடிவாரத்து ரோட்டைப் பிடித்தோம். மழை விட்டிருந்தது. மலை முழுவதும் மேகம் இறங்கி, அடிவாரக் கரும்புக் காடெல்லாம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அந்த வழியில் அண்ணனோடு அத்தனை நேரம் பக்கத்தில் உட்கார்ந்து போனது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் வாய்க்கவில்லை. வழி நெடுக மரங்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் அண்ணன் இறங்குவார். அண்டாவை வைப்பார். "இப்ப என் தங்கச்சி வால்வத் தொறக்கப் போவுது. சத்தம் வரும். எவனும் ஓடாத" என்பார். எல்லாரும் ஓடுவார்கள். நம்பியார் சாரை அவர் கண்ணால் கண்டதில்லை, ஆனால் சாரைவிடப் பிரமாதமாக வாயால் முதலில் சொன்னார். சங்கராபுரம் தாண்டுவதற்குள் வித்தையில் ருசி கண்டுவிட்டார். "போதும்ணா, ஆபீசுக்குக் கொஞ்சம் மிச்சம் வையி" என்று நான் கெஞ்ச வேண்டியதாயிற்று. திருக்கோவிலூர்ப் பாலத்தில் கூட்டமே கை தட்டி அனுப்பியது.

மறுநாள் காலை நிலையத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். சார் கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்தார். சட்டை கசங்கியிருந்தது, அப்படி நான் பார்த்ததே இல்லை. ஒரு சிலிண்டர்தான் மிச்சம் என்றார். 'அவசரம் ஒண்ணும் இல்லா' என்று சொல்லவில்லை. "ஓடு" என்றார். ஓடினேன். சிலிண்டரை மாற்றி, பெட்டியின் அழுத்தம் ஏறுவதைப் பார்த்து, வேறொரு கையுறையைப் பொருத்தி முடித்தோம். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கம்பியில் அந்தச் செடி அப்படியே வெள்ளியாக நின்றது.

வாசலுக்கு வந்து பார்த்தால் அண்ணன் இல்லை. அனுமதி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். சார் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தாராம், அவரும் குடித்துவிட்டு, "மரத்துகிட்ட ஆளு இல்ல" என்று கிடைத்த வண்டியில் ஏறிவிட்டாராம்.

ஆனால் அவர் போய்ச் சேர்ந்தபோது மரமே இல்லை. நாங்கள் கிளம்பிய அன்று மாலையே போலீஸ் வந்து, அடித்து, பெரியசாமி சித்தப்பா உட்பட அங்கிருந்த எல்லாரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. முன்னால் நின்றவர் மட்டும் அகப்படவில்லை. மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போன மாமன் அன்றைக்கே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்: "கோவிந்தன் போலீசு வரப்போவுதுன்னு தெரிஞ்சுதான் தங்கச்சி லாரில ஏறி ஓடிட்டான்." அண்ணி அழுதுகொண்டிருந்தாளாம். அண்ணன் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போய், "மரத்த வெட்டினவன் நான்தான், என்னிய உள்ள வையுங்க" என்றார். அவர்கள், ஆள் நிறைய இருக்குது, போய்யா என்று விரட்டியிருக்கிறார்கள். வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். கடைசியில் தொல்லை தாங்காமல்தான் அடித்து உள்ளே போட்டார்கள். ஜெயிலில் இடம் கேட்டுப் போராடிய ஆள் என் அண்ணன்தான்.

சேதி வந்ததும் சாரிடம் லீவு கேட்டேன். கேள்விப்பட்டிருந்தார். "போய்ப் பார். அண்ணன்கிட்ட எல்லாத்தையும் சொல்லு. புத்தகத்துல இருக்கறது எல்லாம் சொல்லலாம், ரகசியம் ஒண்ணும் இல்லா. ஒண்ணும் விட்டுப்போகாம சொல்லணும்" என்றார். முதல் தடவையாக என் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

கடலூர் ஜெயில். கம்பிவலைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர்ப் பெண்கள், அந்தப் பக்கம் பிடிபட்ட ஆண்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் நெற்றியில் ஒரு கட்டு, தாடி வளர்ந்திருந்தது. பின்னால் பெரியசாமி சித்தப்பா. வீட்டைக் கேட்பார், அண்ணியைக் கேட்பார் என்று நினைத்தேன்.

"நெருப்பு புடிக்காம இருந்துச்சா பாப்பா?"

"இருந்துச்சுண்ணா. அப்பிடியே இருந்துச்சு."

"அது எப்பிடித்தான் இருக்கும்? சொல்லேன்."

சொன்னேன். என்ன வேலை பார்க்கிறேன் என்று என் வீட்டில் ஒருவருக்கு நான் முழுதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. உப்பு உருகுவதை, கூடையை, கம்பியை, உலோகம் உப்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் நடந்து வருவதை, மற்றதெல்லாம் பின்தங்கிப்போவதை, எல்லாவற்றையும் அந்தக் கூச்சலுக்குமேல் கத்திச் சொன்னேன். அவர் வலையில் காதை வைத்துக் கேட்டார்.

"வெளிய எடுத்தது யாரு? பெரிய ஆபீசரா?"

"நான்தாண்ணா. என் கையாலதான் எடுத்தேன்."

அண்ணன் திரும்பினார். பின்னால் இருந்த மொத்தக் கூட்டத்தையும் பார்த்து, ஜெயிலே அதிரக் கத்தினார். "டேய், கேட்டீங்களா? நம்ம மரவள்ளிக் காட்டுல இருந்து போன பொண்ணுடா! ஒருத்திக்கே இப்பிடின்னா, இன்னும் எத்தினி பேர் போவணும்? அதுக்குத்தான்டா உள்ள குந்திக்கினு இருக்கறோம்!"

பெரியசாமி சித்தப்பா, "என் மயிரப் புடிச்சு இழுத்த பொண்ணுடா" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். ஒருவன் சிரித்தான், பிறகு எல்லாருமே சிரித்தார்கள். ஓடிப்போனவன் என்று அண்ணனோடு அதுவரை பேசாமல் இருந்த இரண்டு பேர் அப்போது அவர் தோளில் கை வைத்ததை நான் பார்த்தேன். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அழுதேன். காவலர் வந்து நேரமாச்சு என்று கோலால் வலையைத் தட்டினார். "ஏம்மா அழுவற? இன்னும் கொஞ்சம் நேரம் இருக்குது" என்று சொன்ன அண்ணன், காவலரைச் சட்டை செய்யாமல் மறுபடி வலையில் காதை வைத்தார்.

"அந்த உப்பு அப்பால இன்னா ஆச்சு? அத்தச் சொல்லு."